இடைநிலம்: தமிழ் இலக்கியத்தில் பொதுத்திடலும் அதன் பயன்களும்

மக்கள் ஒருங்கு கூடும் வெளியிடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். மன்றம், பொதியில், அம்பலம், களம், அரங்கு, அங்காடி, திடல் என்னும் இவை யாவும் ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. இவற்றுள் அரங்கு என்பது வரம்பு கட்டிய இடத்தைக் குறிக்கும். ஆற்றிடைக் குறையும் அரங்கமே. வட்டாடுதற்கு வரைந்த கட்டமும் அரங்கே. கூத்தி ஏறும் மேடையும் அரங்கே. நூலறிவின்றி அவையில் பேசப் புகுவானை, கட்டம் வரையாது காய் உருட்டுவானோடு வள்ளுவர் ஒப்பிட்ட இடத்தில் இச்சொல் இப்பொருளிலேயே ஆளப்பட்டது. மன்றமும் பொதியிலும் இவற்றினின்று வேறானவை. பொது என்னும் சொல்லே பொதியிலுக்கு அடி. எவருக்கும் தனியுரிமை இல்லாத, எவரும் வந்து நிற்கத்தக்க இடமே பொதியில்.

தமிழ்த் திறனாய்வு இதுகாறும் அரங்கினையே பெரிதும் பாராட்டி வந்துள்ளது. சிலப்பதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அரங்கேற்று காதையில் நெடிது நிற்பர். புண்ணிய நெடுவரை மூங்கிலில் எடுத்த கோல், இருபத்து நான்கு பெருவிரல் அளவு, ஏழுகோல் அகலம், எட்டுகோல் நீளம், ஒருகோல் உயரம், மூவகை எழினி, தூணின் நிழல் புறத்தே விழுமாறு வைத்த விளக்கு என அவ்வளவுகள் மாணாக்கருக்கு மனப்பாடமாகும். இது தக்கதே. எனினும், அதே காப்பியத்தில் இளங்கோவடிகள் இன்னோர் இடத்தையும் அதே கருத்துடன் அமைத்துள்ளார் என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. அவ்விடம் அளக்கப்படாதது, சுவரும் எழினியும் இல்லாதது. அதுவே புகாரின் நாளங்காடி.

நாளங்காடியின் அமைப்பு

கடற்கரையை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்துக்கும் அரசும் செல்வரும் வாழும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே கிடப்பது நாளங்காடி. இரு பெருவேந்தரின் படைகள் எதிர்நிற்கும் போது நடுவே கிடக்கும் நிலத்தை அதற்கு உவமையாக்குகிறார் அடிகள். வணிகம் நடக்கும் இடத்துக்குப் போர்க்களத்து இடைநிலத்தை உவமித்தது வியப்புக்குரியது, ஆயினும் பொருத்தமானது. பரதவரும் கம்மியரும் யவனரும் வாழ்வது ஒரு பாக்கம். வணிகரும் மறையோரும் அரசரும் வாழ்வது மற்றொன்று. இவ்விரு சாராரும் எதிர்ப்படும் இடம் இதுவன்றி வேறில்லை. அங்கே கட்டடம் இல்லை. நிரையாக நின்ற சோலை மரங்களே தூண்களாகின்றன. கொடுப்போர் குரலும் கொள்வோர் குரலும் இடையறாது எழுகின்றன.

அவ்விடத்தின் பயன் ஒன்றன்று. காலையில் அது கடைவீதி. அங்கே காவற்பூதத்தின் பலிபீடிகை உண்மையால் அது கோயிலும் ஆகும். சித்திரை நிறைமதி நாளில் மறக்குடி மகளிர் பொங்கலும் பூவும் படைத்துத் துணங்கையும் குரவையும் ஆடுதலின் அது ஆடுகளம். வேந்தன் வெற்றி வேண்டி வீரர் தம் தலையை அரிந்து வைத்தலின் அதுவே வஞ்சினக் களமும் ஆகிறது. ஒரு நிலம் காலத்துக்கேற்ப அங்காடியாகவும் கோயிலாகவும் ஆடரங்காகவும் மாறும் இவ்வியல்பே பொதுத்திடலின் முதல் இலக்கணம் எனலாம்.

இவ்வியல்பு புகாருக்கே உரியதன்று. கலித்தொகையின் நூற்றைம்பது பாடல்களுள் முல்லைக்கலி பதினேழு. அவற்றுள் ஏறுதழுவலைப் பாடும் பாடல்களில், தழுவுதல் முடிந்த பின்னர் ஆயமகளிரும் மைந்தரும் தாதெருப் பரந்த மன்றத்தில் குரவை அயர்கின்றனர். பகலெல்லாம் ஆநிரை நின்ற இடம். சாணமும் புழுதியும் படிந்த இடம். அதுவே மாலையில் ஆடுகளம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும், மாயவனும் தம்முனும் எருமன்றத்தில் ஆடியதாகவே மாதரி நினைவுகூர்கின்றாள். பெருங்கடவுள் ஆடியதும் எருமன்றமே என்று சொல்லும் துணிவு அக்காலப் புலவருக்கு இருந்தது. பட்டினப்பாலையும், அகன்ற மணல் மேட்டில் கையாலும் படைக்கலத்தாலும் பொருது விளையாடும் மறவரைக் காட்டுகிறது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நாளங்காடியோடு அல்லங்காடியையும் பாடுகிறார். மாலையில் கூடு திரும்பும் பறவைகளின் ஒலி போல அல்லங்காடியின் ஆரவாரம் எழுந்தது என்கிறார். மலேசியத் தமிழ் மாணாக்கருக்கு இச்சொல்லை விளக்க நெடிய உரை வேண்டுவதில்லை. அலோர் ஸ்டாரிலும் அதனை அடுத்த மெர்கோங் வட்டாரத்திலும் வாழ்வோர் நன்கறிந்த பாசார் மாலாம் அல்லங்காடியே அன்றோ? பகலில் வண்டி நிறுத்தவும் பந்தாடவும் பயன்படும் வெற்றிடம், மாலையில் விளக்கும் கூடாரமும் பெற்றுக் கடைவீதியாகி, நள்ளிரவில் மீண்டும் வெற்றிடமாகும் காட்சி, சங்கப் புலவர் கண்ட காட்சியினின்று வெகு தொலைவில் இல்லை. புகார் அங்காடியில் குவிந்த பொருள்களுள் காழகத்து ஆக்கத்தையும் பட்டினப்பாலை எண்ணுகிறது. காழகம் என்பது கடாரம் என்பர் உரைகாரர். கடாரம் இன்றைய கெடாவே. எனவே, தமிழ் இலக்கியத்தின் முதற் பெருஞ்சந்தையில் கெடாவின் சரக்கும் இருந்தது என்பது இம்மாநிலத்துத் தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது.

விழாவும் அதன் ஒழுங்கும்

பலரும் கூடும் திடலுக்கு ஒழுங்கு இல்லை என்பது பொதுவான எண்ணம். மணிமேகலையின் விழாவறை காதை இதனை மறுக்கிறது. இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடப்பது. முரசு அறைவோன் யானைமீது அமர்ந்து அறிவிக்கும் செய்திகள் ஒரு விழாவின் நடைமுறை விதிகளாகவே அமைகின்றன. தெருவிலும் மன்றத்திலும் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புக. அறவுரை கூறவல்லோர் பந்தரிலும் பொதியிலிலும் அமர்க. தத்தம் சமயக் கொள்கையை நிறுவ விரும்புவோர் பட்டிமண்டபம் ஏறுக. பகைவரைக் காணினும் சினமும் பூசலும் இன்றி விலகிச் செல்க. இவ்விதிகளுள் இறுதியானது மிக ஆழமுடையது. திடலில் பகைவரும் வருவர் என்பதைக் காப்பியம் ஒப்புக்கொள்கிறது. அவரை வாராதே என விலக்கவில்லை. வந்தவரோடு பூசலிடாதே என்று மட்டுமே சொல்கிறது. வாதம் செய்வோர்க்கு மண்டபம் உண்டு, பூசலிடுவோர்க்கு இடமில்லை.

அவ்விழாவை மறந்தால் என்னாகும் என்பதையும் அதே காதை கூறுகிறது. நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். தீயோரைப் புடைத்து உண்ணும் சதுக்கப் பூதமும் நகரை விட்டு நீங்கும். பின்னர் அவ்வாறே நிகழ்கிறது. மகனை இழந்த துயரில் மன்னன் விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சினத்தால் புகாரைக் கடல் கொள்கிறது. இதனைத் தெய்வ நம்பிக்கை என்ற அளவில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் சாத்தனார் வைத்த காரண காரியத் தொடர்பு சிந்திக்கத்தக்கது. மன்னனின் தனித்துயர் நகரின் பொதுக்கடமையை விழுங்கியது. பொதுக்கடமை மறைந்த நகரம் நிலத்தையே இழந்தது. மக்கள் கூடுவதை நிறுத்திய இடம் நெடுநாள் இடமாக இராது என்பதே இதன் உட்பொருள்.

மன்றமும் நீதியும்

புகாரில் ஐந்து மன்றங்கள் இருந்தன என்று இந்திரவிழவு ஊரெடுத்த காதை கூறும். வெள்ளிடை மன்றம் பொருள் கவர்ந்த கள்வனை அவன் தலைச்சுமையோடு சுற்றச் செய்து காட்டிக்கொடுக்கும். இலஞ்சி மன்றத்துப் பொய்கை உடற்குறை தீர்க்கும். நெடுங்கல் நின்ற மன்றம் நஞ்சுண்டாரும் பித்தேறினாரும் நலம்பெறும் இடம். பூத சதுக்கம் பொய்த்தவ வேடத்தாரையும் பொய்க்கரி உரைப்போரையும் ஒறுக்கும். ஐந்தாவதாகிய பாவை மன்றத்தில், அரசன் நடுநிலை திறம்பினால் கற்பாவை நாவால் உரையாது கண்ணீர் உகுக்கும். மருத்துவமும் காவலும் நீதியும் மன்றத்தின் கடமைகளாக இங்குச் சொல்லப்படுகின்றன. வெறும் கேளிக்கைக்கான இடமாக அடிகள் எந்த மன்றத்தையும் பாடவில்லை.

இவ்வைந்து மன்றங்களையும் நகர வருணனையின் பகுதி என்று மட்டும் கருதி விரைந்து கடப்பது வழக்கம். காப்பியத்தின் பிற்பகுதியோடு வைத்து நோக்கினால் இவற்றின் பொருள் வேறாகத் தோன்றும். மதுரையில் கோவலனுக்கு நேர்ந்த தீர்ப்பு எங்கே வழங்கப்பட்டது? கொலைக்களக் காதை இதனைத் தெளிவாக்குகிறது. பாண்டியன் கூத்தியர் ஆடலைக் காண்கிறான். அதனால் ஊடிய தேவி தலைநோயைக் காரணம் காட்டி எழுந்து செல்கிறாள். அரசன் அமைச்சரை நீங்கி அவள் கோயிலை நோக்கி நடக்கிறான். அவ்வாயிலில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அங்கேயே, நடந்து செல்லும் நிலையிலேயே, கட்டளை பிறக்கிறது. ஆடரங்குக்கும் அந்தப்புரத்துக்கும் நடுவில், அவையும் மன்றமும் இல்லாத இடத்தில், ஓர் உயிரின் முடிவு தீர்மானிக்கப்படுகிறது. கேட்பாரும் இல்லை, கரியும் இல்லை, எதிருரையும் இல்லை.

புகாரின் ஐந்து மன்றங்களும் எதற்காக முன்னரே விரித்துரைக்கப்பட்டன என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. பாவை மன்றம் இருந்திருப்பின் அக்கற்பாவை அழுதிருக்கும். மதுரையில் அழுவதற்குக் கண்ணகியே வேண்டியிருந்தது. ஊர்சூழ் வரியில் அவள் ஒற்றைச் சிலம்புடன் தெருவில் நின்று, இவ்வூரில் பெண்டிரும் உண்டோ, சான்றோரும் உண்டோ, தெய்வமும் உண்டோ என்று வினவுகிறாள். நேரே அரண்மனைக்குச் செல்லாது தெருவில் முறையிட்டது ஏன் என்று வினவும் மாணாக்கர் உண்டு. மன்றம் இல்லாத வழக்கிற்கு அவள் முதலில் மன்றத்தை உண்டாக்குகிறாள் என்பதே தக்க விடையாகும். செங்கோல் வளைந்தது என்று மதுரை மக்கள் முதலில் உணர்ந்தது அத்தெருவில்தான். அதன் பின்னரே வழக்குரை காதை. பொதுவிடத்தில் முன்னரே கேட்கப்பட்ட வழக்கையே அரசவை பின்னர் கேட்டது.

இக்கருத்தை மறுப்போர், தெருவும் மன்றமும் ஒன்றல்ல என்று கூறக்கூடும். உண்மையே. எனினும் ஓரிடம் மன்றமாவது அதன் கல்லாலும் மரத்தாலும் அன்று. அங்கே கூடியோர் ஒன்றைக் கேட்கவும் காணவும் இசைவதாலேயே. நாளங்காடிக்குத் தூணாக நின்றவை மரங்களே என்று அடிகள் சொன்னதன் கருத்தும் இதனோடு ஒக்கும்.

தமுக்கம்: ஒரு திடலின் வரலாறு

பிற்காலத் தமிழகத்தில் பல பயன் கொண்ட பொதுத்திடலுக்குச் சிறந்த சான்று மதுரைத் தமுக்கம். தமுக்கம் என்னும் சொல் வேனில் மாளிகையையும், யானைப்போர் முதலியன கண்டு களிக்கும் இடத்தையும் குறித்து வழங்கியது. நாயக்கர் காலத்தில், குறிப்பாக இராணி மங்கம்மாள் பெயரோடு இணைந்து வழங்கும் இம்மாளிகையும் அதன் முன்வெளியும் அரச குடும்பத்தார் கேளிக்கைக்கு உரியனவாக இருந்தன. அந்நாளில் மக்கள் அங்கே காண்போராக மட்டுமே நின்றிருப்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் மாளிகை அலுவலர் உறைவிடமாயிற்று. விடுதலைக்குப் பின்னர் அது காந்தி நினைவு அருங்காட்சியகமாகி, 1959-ல் நேருவால் திறந்துவைக்கப்பட்டது. யானைப்போர் கண்ட மாளிகையில், கொல்லப்பட்ட நாளில் காந்தியடிகள் உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடை இன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஓர் இடம் தன் பழம்பயனுக்கு முற்றிலும் எதிரான பயனை ஏற்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

தமுக்கம் மைதானமோ சித்திரைப் பொருட்காட்சிக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் புத்தகத் திருவிழாவுக்கும் இடம் தந்தது. கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொள்ளும் தல்லாகுளம் அதனை அடுத்துள்ளது. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்த 1981-ஆம் ஆண்டில் அங்கே தமிழன்னைக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2022-ல் அத்திடலில் புதிய மாநாட்டு மையக் கட்டடம் திறக்கப்பட்டது. குளிரூட்டிய கூடம் மழைக்கும் வெயிலுக்கும் அரணாகும். வருவோர்க்கு வசதியும் மிகும். ஆயினும் கூரையும் கதவும் வந்த பின்னர் நுழைவோர் யார், நுழையாதோர் யார் என்னும் வேறுபாடும் உடன் வரும். திடல் அரங்காகும்போது பெறுவதும் உண்டு, இழப்பதும் உண்டு. இரண்டையும் எண்ணிப் பார்ப்பதே திறனாய்வின் கடமை.

மலாயாவிலும் இத்தகைய வெளிகள் வரலாற்றைச் சுமந்துள்ளன. 1923-ல் சிங்கப்பூரில் தொடங்கிய நியூ வேர்ல்டு போன்ற கேளிக்கைப் பூங்காக்களில் குத்துச்சண்டையும் நாடகமும் நடனமும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கிரிக்கெட்டு ஆடிய சிங்கப்பூர்ப் பாடாங்கில், 1943 சூலை 5-ஆம் நாள் நேதாசி இந்தியத் தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். தோட்டப்புறங்களிலிருந்து சென்று அப்படையில் சேர்ந்த தமிழர் பலர். 1957 ஆகத்து 31-ல் விடுதலை முழக்கம் எழுந்த மெர்டேக்கா அரங்கம் காற்பந்துக்கும் உரியதாயிற்று. 1975-ல் முகமது அலியின் குத்துச்சண்டையையும் கண்டது.

தோட்டத்துத் திடல்

கெடாத் தமிழர் வாழ்வில் நாளங்காடிக்கு ஒப்பாக நின்றது தோட்டத்துத் திடலே. 1909-ல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்குக் கெடா மாறியது. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒருபுறம் தொழிலாளர் லயங்கள்; மறுபுறம் மேட்டில் துரையின் பங்களாவும் கிராணிமார் இல்லங்களும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெளி. மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் போன்ற இவ்விரு குடியிருப்புகளின் இடைநிலம் அது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தொழிலாளர் மாலையில் பந்தாடியதும், பங்குனி, சித்திரை நாள்களில் தீமிதிக்குக் குழி வெட்டியதும், பொங்கலுக்குப் போட்டி நடத்தியதும், வெண்திரை கட்டிப் படம் பார்த்ததும், பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு விழாவை நடத்தியதும் இத்தகைய வெளிகளிலேயே. காலையில் பெயர் கூப்பிட்டுத் தலையை எண்ணிய நிலத்தில், மாலையில் அதே மனிதர் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொண்டனர். கூட்டம் கூடுதலின் ஆற்றலைத் தோட்ட மக்கள் அறிந்ததற்கும் சான்று உண்டு. 1946-லும் 1947-லும் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராக மக்களை அணிதிரட்டியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கிலும் மார்ச்சுத் தொடக்கத்தில் டப்ளின் தோட்டத்திலும் காவலரோடு நேர்ந்த மோதல்களில் தொழிலாளர் உயிர் துறந்தனர். வாதத்திற்கு மண்டபம் இல்லாத இடத்தில் முறையீடு எவ்வாறு குருதியில் முடியும் என்பதற்கு இது வரலாறு தந்த சான்று.

மலேசியத் தமிழ்ப் புனைகதை இத்திடலை எவ்வாறு கண்டது? இரப்பர் மரமும் லயமும் கள்ளுக்கடையும் துரை பங்களாவும் தோட்டக் கதைகளில் பாத்திரங்களுக்கு ஒப்பான உயிர் பெற்றுள்ளன. திடலோ பெரும்பாலும் கதை மாந்தர் கடந்து செல்லும் வழியாகவோ, திருவிழாக் காட்சிக்குரிய பின்புலமாகவோ நின்றுவிடுகிறது. துயரத்தைப் பாட லயம் போதும் என்று எழுத்தாளர் கருதினர் போலும். ஆனால் துயருற்றோர் ஒருவரையொருவர் கண்டதும், தம்மை ஓர் ஊராராக உணர்ந்ததும் திடலில் அன்றோ? லயத்து அறைக்குள் ஒரு குடும்பத்தின் கதையே நிகழ முடியும். ஒரு சமுதாயத்தின் கதைக்கு வெளி வேண்டும். இளங்கோவடிகள் மனையறம் படுத்த காதையை அடுத்தடுத்து விழாவுக்கும் மன்றத்துக்கும் கடற்கரைக்கும் கொண்டு சென்றதன் காரணம் இதுவே.

இக்குறை இன்று இலக்கியக் குறையாக மட்டும் இல்லை. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமும் அதன் உடைமையாயிற்று. எனினும் பிற்பட்ட ஆண்டுகளில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். பெயர்ந்தபோது கோயிலுக்குச் சிலையும் அறங்காவலரும் இருந்தமையின், அதனை வேறிடத்தில் எழுப்பக் கோரிக்கை எழுந்தது. பள்ளிக்குப் பதிவேடும் உரிமமும் இருந்தமையின் அதுவும் பல இடங்களில் இடம்பெயர்ந்து வாழ்கிறது. திடலுக்கோ பத்திரமும் இல்லை, பதிவேடும் இல்லை, அதற்காக மனுக் கொடுப்பாரும் இல்லை. பொதுவானது எதுவோ அதுவே முதலில் மறைந்தது. மேலும், இடம் பெயர்ந்த கோயிலைச் சென்று காணலாம். பள்ளியின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். திடலைக் காண்பதற்கு எழுத்தன்றி வேறு வழியில்லை.

புகாரைக் கடல் கொண்டது. ஆயினும் நாளங்காடியில் எந்தப் பாக்கம் எந்தப் பக்கம் இருந்தது, மரங்கள் எவ்வாறு நின்றன, மகளிர் எதைப் படைத்தனர் என்பன இன்றும் தெரிகின்றன. அடிகள் அரங்கின் கோலளவை எழுதிய அதே பொறுப்போடு அளவில்லாத அங்காடியையும் எழுதி வைத்தமையே காரணம். கெடாத் தோட்டத்துத் திடல்களுக்கு அத்தகைய எழுத்து இனித்தான் வேண்டும். அங்கே பெரட்டுக்கு நின்றோரும் பந்தாடினோரும் தீமிதித்தோரும் முதியவராய் இன்றும் உள்ளனர். தமிழாசிரியர் நாளங்காடியைக் கற்பிக்கும் பாட வேளையிலேயே, மாணாக்கர் தத்தம் பாட்டன் பாட்டியிடம் சென்று, தோட்டத்துத் திடல் எத்திசையில் இருந்தது, அதன் ஓரத்தில் என்ன மரம் நின்றது, எந்நாளில் யார் கூடினர், யார் விலக்கப்பட்டனர் என்று கேட்டு எழுதிவரச் செய்யலாம். ஐந்து மன்றங்களின் பெயரை மனப்பாடம் செய்த மாணவன் ஆறாவதாகத் தன் தோட்டத்து மன்றத்தின் பெயரையும் எழுதட்டும். அவ்வேடுகளே நாளைய மலேசியத் தமிழ் நாவலுக்கு மூலப்பொருளாகும்.